கொடுக்கும் கைகள் உண்டு. பெறும் வாசல் எங்கே?

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் வாயிலருகே விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. விழுப்புரத்திலிருந்தும், கடலூரிலிருந்தும், கள்ளக்குறிச்சியிலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும் வரும் பேருந்துகளில் மக்கள் வந்து இறங்குகிறார்கள். ஒருவர் கையில் மடிந்து கசங்கிய மருத்துவச் சீட்டுகள். அவருக்குத் துணையாக வந்தவர் கையில் தண்ணீர்ப் புட்டியும் ஒரு துணிப்பையும். நோயாளி ஒருவர்தான், ஆனால், பேருந்துக் கட்டணமும் உணவும் இருவருக்கு. அன்றைய கூலியை இழப்பவர்களும் இருவர்.

அதே வாயிலருகே இன்னொரு காட்சியையும் நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவரின் நினைவு நாள் அல்லது பிறந்த நாள். சிற்றுந்து ஒன்று வந்து நிற்கும். உணவுப் பொட்டலங்கள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொடுத்தவர்கள் கைகூப்பி விடைபெறுவார்கள். சில நாள்களில் இப்படி இரண்டு, மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். சில நாள்களில் ஒன்றும் வராது. நோய்க்கு மட்டும் விடுமுறை நாள் கிடையாது.

கொடுப்பவர்களின் மனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மிடம் ஈகைக் குணத்துக்குப் பஞ்சமில்லை; அந்த ஈகையை முறையாகப் பெற்று, உரியவருக்கு உரிய நேரத்தில் சேர்க்கும் வாசல்தான் நம் மருத்துவமனைகளில் தெளிவாக இல்லை என்பதே நான் சொல்ல வந்தது.

என் தாயார் மறைந்த முதலாண்டு நினைவாக, ஓர் அரசு மருத்துவமனைக்குச் சிறு தொகை அளிக்க விரும்பினேன். அவர் கடைசி நாள்களில் பெற்ற பரிவுக்கான நன்றி அது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமன்று. முதலில் ஓர் அலுவலரிடம் கேட்டேன். அவர் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். கணக்குப் பிரிவில், ‘பணமாக வாங்க எங்களுக்கு அதிகாரமில்லை, மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள்’ என்றார்கள். மேலதிகாரி மிகுந்த மரியாதையுடன், ‘ஏதாவது பொருளாக வாங்கித் தந்துவிடுங்களேன்’ என்றார். இறுதியில் இரண்டு சக்கர நாற்காலிகள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மருத்துவமனைக்கு அப்போது தேவைப்பட்டது சக்கர நாற்காலிதானா என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என்னைப் போன்று திரும்பியவர்கள் பலர் இருப்பார்கள். கோயிலுக்குக் கொடுக்க நினைப்பவர் இப்படி அலைவதில்லை. அங்கே உண்டியல் இருக்கிறது. ரசீது தரும் அலுவலகம் இருக்கிறது. எந்த நாளில், எந்தப் பூசைக்கு எவ்வளவு என்ற பட்டியல் இருக்கிறது. தமிழகத் திருக்கோயில்களின் அன்னதானத் திட்டத்தில், ஒரு நாள் அன்னதானத்துக்கான தொகையைச் செலுத்திப் பங்கேற்கலாம். கொடுப்பவருக்குத் தன் பணம் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்கிறது. மருத்துவமனையில் அது தெரிவதில்லை.

இதற்குப் புதுச்சேரியின் வரலாறும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். இங்கே நவீன மருத்துவம் தொடக்கத்திலிருந்தே அரசின் கையில் வளர்ந்தது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் இங்கு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விடைபெற்ற பிறகு, இந்திய அரசு அந்த மரபைத் தொடர்ந்தது. 1964-இல் ஜிப்மர் உருவாயிற்று. 2008-ஆம் ஆண்டின் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. ‘மருத்துவம் அரசு தருவது, நாம் பெறுவது’ என்ற எண்ணம் இங்கே ஆழ வேரூன்றியது. அது நல்ல எண்ணமே. ஆனால், மருத்துவமனையும் நாம் கொடுக்க வேண்டிய ஓர் இடம் என்ற எண்ணம் அதனால் வளராமலே போய்விட்டது.

சிகிச்சை இலவசம் என்றால் வேறென்ன வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவிட்ட பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22-இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், வேலைக்குப் போகாமல் இழந்த கூலி இந்தக் கணக்கில் வராது; மருத்துவமனை வராந்தாவில் படுத்துறங்கிய துணையாளரின் இரவுச் சாப்பாடும் வராது. அரசின் காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டும். ஊர் திரும்பப் பேருந்துக்குப் பணம் கட்டாது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்கு வர வேண்டும். சுத்திகரிப்பு இலவசம். வெளியூரிலிருந்து இருவர் வந்துபோக 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு 12 முறைக்கு 1,800 ரூபாய். இருவரும் கூலித் தொழிலாளர்கள் என்றால், மாதத்தில் 12 நாள் கூலியும் போயிற்று. இந்தச் சுமையைத் தாங்க முடியாதபோது குடும்பம் முதலில் என்ன செய்யும்? மூன்று முறையை இரண்டாக்கும். அந்த ஒரு முறைக் குறைவின் விலை உயிராக இருக்கக்கூடும். புற்றுநோய்க்குக் கதிரியக்க சிகிச்சை பெறுவோருக்கும், மாதக்கணக்கில் மாத்திரை உண்ண வேண்டிய காசநோயாளிகளுக்கும் இதே நிலைதான். இலவச சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்கள் பலரை நிறுத்த வைப்பது நோயன்று, வழிச்செலவு.

இந்த உண்மையை நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு நிறுவனம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளுடன் தொடங்கியவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகு அவர் ஏற்ற பணி அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். 1910-இல் புதுச்சேரிக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்ட பற்றினாலேயே அவர் தம் மருத்துவமனைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அதன் புதுச்சேரிக் கிளை 2003-ஆம் ஆண்டு முதல் தவளக்குப்பத்தில் இயங்கி வருகிறது.

கட்டணம் செலுத்தக் கூடியவர்களின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை அளிப்பது அரவிந்தின் வழிமுறை என்பது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது அதன் முகாம் முறை. தொடக்க காலத்தில் கிராமங்களில் கண் பரிசோதனை செய்து, கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தபோதும் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. பேருந்துக்குப் பணமில்லை, அழைத்து வர ஆளில்லை, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற தயக்கம். இதை உணர்ந்தபின், முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை ஏற்பட்டது. அதன் பிறகே வருவோர் எண்ணிக்கை கூடியது.

இதில் ஊராரின் கொடைக்கு வரையறுக்கப்பட்ட இடம் உண்டு. முகாமுக்கு இடம் தருவதும், வீடு வீடாகச் செய்தி சொல்வதும், முகாம் செலவை ஏற்பதும் ஊரிலுள்ள அரிமா சங்கம், சுழற்சங்கம், கோயில் குழு, வணிகர் சங்கம் போன்றவற்றின் பொறுப்பு. மருத்துவம் பார்ப்பது மருத்துவமனையின் பொறுப்பு. யார் எதைத் தர வேண்டும் என்பது கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். கொடுத்ததன் பயனும் கண்முன்னே தெரியும்: நேற்றுத் தடியூன்றிப் போன பாட்டி, நாளை தானே நடந்து வருவார். ஈகை நிலைத்த பண்பாடாக மாறுவதற்கு இவ்விரண்டும் போதும்.

உணவளிப்பதைப் பேரறமாகப் போற்றுவது இந்த மண்ணின் இயல்பு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பசியையே ஒரு நோயாகக் கண்ட மரபு இது. அந்தப் பார்வை வெறும் உருவகமன்று என்பதை அண்மைக்கால அறிவியலும் காட்டியிருக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குத் தொடர்ந்து சத்துணவுப் பொருள்கள் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தொற்றுவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் மருந்தாக வேலை செய்திருக்கின்றன. ஆனால், ஒரு நாள் கொடுத்த பொட்டலத்தால் விளைந்த பயன் அன்று அது. மாதந்தோறும் தவறாமல் சென்றடைந்ததால் விளைந்தது.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ‘நிக்ஷய் மித்ரா’ திட்டம் இந்த அடிப்படையில் அமைந்ததே. தனிநபரோ, நிறுவனமோ காசநோயாளிகளைத் தத்தெடுத்து, குறைந்தது ஆறு மாதங்களுக்குச் சத்துணவுப் பொருள்களை வழங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேருக்கு ஒரு வேளை உணவிடுபவர், அதே தொகையில் ஒரு நோயாளியின் குடும்பத்தை ஆறு மாதம் தாங்க முடியுமா என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

தொடர்ச்சியான கொடை என்பது நமக்குப் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு, 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை இயங்கியது. மருத்துவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டு வருவோருக்கு எவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு எவ்வளவு, நாவிதருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கோயில் சுவரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் பெயரோடு, கொடுத்தது எதற்குச் செலவாக வேண்டும் என்பதையும் ஊரறிய எழுதி வைத்த கணக்கு அது.

இவ்வாறு ஒரு குறிப்பிட்ட பணிக்கெனத் தொடர்ந்து அளிக்கும் கொடையைத்தான் கோயில்களில் ‘கட்டளை’ என்கிறோம். அந்தக் கட்டளை முறையை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால் என்ன? ஒரு நாளைய ரத்தச் சுத்திகரிப்பு நோயாளிகளின் வழிச்செலவு ஒரு கட்டளை. புற்றுநோய்ப் பிரிவுத் துணையாளர்களுக்கு ஒரு வார இரவு உணவு ஒரு கட்டளை. பிரசவித்து வீடு திரும்பும் ஏழைத் தாய்க்கு வாகன வாடகை ஒரு கட்டளை. தாயின் நினைவு நாளில் ஒருவர் ஆயிரம் ரூபாய் செலுத்தினால், அது எந்தப் பணிக்குப் போகும் என்பதை ரசீதிலேயே காணலாம். பிறந்த நாளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுக்கும் இளைஞர்களும் கைப்பேசி வழியே நூறு ரூபாயில் இதில் சேரலாம்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1990-களின் நடுவில் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் முளைத்து, 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தால் நாடெங்கும் பரவிய நோயாளர் நலச் சங்கங்கள், நன்கொடை பெற்று மருத்துவமனை அளவிலேயே செலவிட அனுமதி பெற்றவை. ஆனால், அவற்றின் பெயரையே கேள்விப்படாதவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். வாசல் இருக்கிறது, அதன் மேல் பெயர்ப்பலகை இல்லை. பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, பொதுமக்களும் முன்னாள் மாணவர்களும் இணையவழியே பங்களிக்க வழி செய்தது. படித்த பள்ளிக்குக் கொடுக்க அப்படியொரு வழி இருக்கும்போது, உயிர் பிழைத்த மருத்துவமனைக்குக் கொடுக்கவும் அதே அளவு எளிய வழி வேண்டாமா?

இந்த யோசனைக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. கொடை பெருகினால் அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடாதா என்பதே அது. பணம் செலுத்த இயலாமை காரணமாக யாருக்கும் தகுந்த மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று போர் குழு 1946-இலேயே கூறிவிட்டது. அந்தக் கடமை அரசுடையது. அதை நன்கொடையாளரின் தோளுக்கு மாற்றக் கூடாது. ஆகவே, எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். மருந்து, மருத்துவர், செவிலியர், பரிசோதனை, கட்டடம் ஆகியவற்றுக்குக் கொடைப் பணத்தைத் தொடக் கூடாது. சிகிச்சையைச் சுற்றியுள்ள செலவுகளுக்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். மருந்து இல்லாதபோது கொடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினால், அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மருந்துக்கான ஒதுக்கீடு சுருங்கும்.

இரண்டாவது மறுப்பு, பெறுபவரின் மானம் பற்றியது. கொடுக்கும்போது படமெடுத்துப் பதாகை வைக்கும் பழக்கம் நம்மிடையே மிகுந்துவிட்டது. சிகிச்சைக்கு உதவி கோரி நோயுற்ற குழந்தைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் நாள்தோறும் வலம் வருகின்றன. பெற்றோரின் தவிப்பைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால், எந்த முகம் நம் மனத்தைத் தொடுகிறதோ, அதற்குத்தான் பணம் சேர்கிறது. படமெடுக்கத் தெரியாத, பகிரத் தெரியாத ஏழையின் குழந்தை விடுபட்டுப்போகிறது. யாருக்கு உதவி தேவை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கொடுப்பவர் அல்லர்; வார்டில் நோயாளியோடு பேசி, குடும்ப நிலையை அறிந்த மருத்துவ சமூகப் பணியாளர். அவர் கையில் ஒரு சிறு நிதி இருந்தால், சிகிச்சையை நிறுத்த நினைக்கும் நோயாளியை அன்றே தடுத்து நிறுத்த முடியும்.

மூன்றாவது ஐயம், பணம் ஒழுங்காகச் சேருமா என்பது. இதற்குத் திருமுக்கூடல் சுவரே விடை. மருத்துவமனையின் நுழைவாயிலில் ஒரு பலகை. மாதத்தின் முதல் நாளில் வரவு, செலவு, இருப்பு, பயன்பெற்றோர் எண்ணிக்கை ஆகிய நான்கும் அதில் எழுதப்பட வேண்டும். பயன்பெற்றவர்களின் பெயர்கள் கூடாது. இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், சுண்ணக்கட்டி போதும். கணக்கு கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் கொடை தங்கும்.

அரசின் கொள்கையிலும் சில திருத்தங்கள் தேவை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி, வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அதில் அடங்கும். ஆனால், நிறுவனங்கள் பெரிதும் விரும்புவது எந்திரங்களையும் கட்டடங்களையுமே. எந்திரத்துக்கு நாடா வெட்டலாம். பேருந்துக் கட்டணத்துக்கு நாடா வெட்ட முடியாது. புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளில் உள்ள நிறுவனங்களிடம் இந்தத் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவமனை நிர்வாகங்களின் பொறுப்பு. தனிநபர்களின் நிலையோ வேறு. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு நன்கொடைகளுக்கான வழக்கமான வரிச்சலுகை கிடையாது. மாதச் சம்பளக்காரர்கள் பலரும் அந்த முறைக்கு மாறிவரும் நிலையில், அரசு மருத்துவமனைகளின் நோயாளர் நல நிதிக்கு அளிக்கும் கொடைக்கேனும் விலக்கு அளிப்பது பற்றி மத்திய அரசு சிந்திக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளும் இதற்கு வெளியே நிற்க முடியாது. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள், மும்பை உயர்நீதிமன்றம் 2006-இல் ஏற்ற திட்டத்தின்படி, 10 விழுக்காடு படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 விழுக்காட்டைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். நோயாளிகளிடம் பெறும் கட்டணத்தில் 2 விழுக்காட்டை வறியோர் நிதியில் சேர்க்க வேண்டும். அங்கும் மீறல்கள் குறித்த புகார்கள் எழுவதுண்டு. ஆனால், அளவுகோல் ஒன்று இருந்தால்தான் மீறல் என்று சொல்லவே முடியும். அறக்கட்டளை என்ற பெயரில் சலுகை பெறும் மருத்துவமனைகளுக்குப் புதுச்சேரியிலும் இத்தகைய அளவுகோல் வகுக்கப்பட வேண்டும்.

சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய தலைமுறையினர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி ஊற்றிய அறச்சாலையிலிருந்து வளர்ந்த மருத்துவமனை என்பதால் வந்த பெயர் அது. பசியாற்றிய இடமே பிணி தீர்க்கும் இடமாயிற்று. அன்னதானமும் மருத்துவமும் ஒரே அறத்தின் இரு முகங்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த முறை என் தாயாரின் நினைவு நாள் வரும்போது சக்கர நாற்காலி வாங்கக் கடைக்குப் போக நான் விரும்பவில்லை. மருத்துவமனை வாயிலில் உள்ள முகப்பில், ‘இன்று எது தேவை?’ என்று கேட்க விரும்புகிறேன். அங்கிருப்பவர் பட்டியலைப் பார்த்து, ‘திருவண்ணாமலையிலிருந்து வரும் மூன்று பேருக்கு இந்த மாத வழிச்செலவு’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நான் யார் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாம். அவர்கள் அடுத்த வாரமும் தவறாமல் சிகிச்சைக்கு வந்தார்கள் என்பது அந்தப் பலகையில் தெரிந்தால் போதும்.